கட்டிங் டேபிளும் பில் டப்பாவும்: தேங்கிய வேலைக்கு எந்த வழி சரி?

தீபாவளிக்கு இருபது நாள் இருந்தது. திண்டுக்கல்லில் என் தையல் கடையின் இரும்பு ராக்கில் 64 பைகள். ஜவுளிக்கடைக் கட்டைப்பை, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, மஞ்சள் பை என்று கலந்து தொங்கின. ஒவ்வொரு பையிலும் துணி, ஒரு அளவு பிளவுஸ், தேதி எழுதிய துண்டுச் சீட்டு. அதில் ஒரு நீலப் பை மட்டும் 17 நாளாக இடம் மாறிக்கொண்டே இருந்தது. எடுப்பேன், சீட்டைப் படிப்பேன், "நாளைக்குக் காலையில் மனசு தெளிவாக இருக்கும்போது வெட்டலாம்" என்று வேறு கொக்கியில் மாட்டிவிடுவேன்.

உள்ளே இருந்தது காஞ்சிபுரம் பட்டுச் சேலையோடு வந்த பிளவுஸ் துண்டு. 80 சென்டிமீட்டர்தான். மார்பளவு 42. முழங்கை வரை கை வேண்டும், இரண்டு கையிலும் ஜரிகை பார்டர் வரவேண்டும். கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு. கத்தரி ஒரு இடத்தில் தப்பினாலும் அதே நிறத்தில், அதே கரையோடு இன்னொரு துண்டு எங்கே போய் வாங்குவது?

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இரவு 9 மணிக்கு அந்த அம்மா கடை வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. "என்னம்மா, ஆகலையா?" என்று மட்டும் கேட்டார். பழைய செய்தித்தாளை எடுத்து அளவை அதில் வரைந்து வெட்டி, துண்டின் மேல் அப்படியும் இப்படியும் திருப்பி வைத்துப் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே ஒரு சின்ன ஒட்டுப் போட்டால் துணி போதும் என்று கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. வெட்ட 25 நிமிடம். ராத்திரி பதினொன்றரைக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தோம். அவர் அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் அத்தனை சொந்தக்காரர்களை விட்டுவிட்டு. அந்த முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

நாற்பது நிமிட வேலைக்காக 17 நாள். அதே ராக்கில் இருந்த மற்ற பைகள் நின்றதற்குக் காரணம் அது இல்லை. எங்கள் கடையில் நான்கு தையல் மெஷின் உண்டு, கத்தரி ஒன்றுதான். கட்டிங் முழுக்க என் கையில். லைனிங் பிளவுஸ் என்றால் ஒரு நாளைக்கு எட்டு வெட்டலாம். உயிரைக் கொடுத்தால் பத்து. அதற்கு மேல் வந்தது எல்லாம் நிற்கத்தான் செய்யும்.

வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் "இன்னும் ஆகலை" என்றுதான் பதில். ஆனால் ஒன்று வேலை அளவுக்கு மீறிப் போனதால் வந்த மலைப்பு. இன்னொன்று அந்த வேலையைத் தொடவே மனசு வராத தயக்கம். சிறு தொழில் செய்பவர்களுக்கு இதற்காகச் சொல்லப்படும் வழிகள் சுற்றிச் சுற்றி நாலுதான்: நேரத்தைப் பட்டியல் போட்டுக்கொள், ஆள் வை, கணக்கு வழக்கை வெளியே கொடு, வாங்கும் வேலையைக் குறை. நாலையும் நான் மூன்று வருஷத்தில் செய்து பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் மேலே சொன்ன இரண்டில் ஒன்றைத்தான் குணப்படுத்துகிறது. மாற்றிச் சாப்பிட்டால் காசும் போய், வியாதியும் முற்றும். எனக்கு அப்படித்தான் ஆனது. அதனால்தான் எதை எப்போது எடுக்கலாம் என்று ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்

தேங்கி நிற்கும் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து. நேரமில்லாமல் நின்றால் "நே". மனசு வராமல் நின்றால் "ம". சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி போதும்: இப்போது ஒரு மணி நேரம் சும்மா கிடைத்தால் இந்த வேலையை எடுப்பேனா? எடுப்பேன் என்றால் நே. அந்த ஒரு மணி நேரத்திலும் வேறு எதையாவது எடுத்துச் செய்வேன் என்றால் ம.

என் ராக்கில் 64 பையில் ம விழுந்தது ஆறுதான். ஒன்று அந்த நீலப் பை. இன்னொன்று, போன முறை தைத்தது சரியில்லை என்று கோபித்துக்கொண்டு போன ஒரு அக்காவின் பை. மீதி 58-ம் நே. ஆனால் மேசைக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்தபோது கதை தலைகீழ். அதில்தான் பில்களைப் போட்டு வைப்பேன். துணி வாங்கிய பில், ஜிஎஸ்டி கணக்கு, பேங்கில் இருந்து வந்த கடிதம், ஃபேஷன் உடை விற்கும் ஒரு பொட்டிக் கடைக்கு மொத்தமாகத் தைத்துக் கொடுத்து நாலு மாதமாக வராத பணத்தின் சீட்டு. அத்தனையும் ம. நேரம் கிடைத்த நாட்களிலும் நான் அந்த டப்பாவைத் திறந்ததில்லை.

உளவியல் ஆய்வாளர்கள் ஃபூஷியா சிரோய், டிமத்தி பிச்சில் இருவரும் 2013-இல் எழுதியது இதோடு ஒத்துப்போகிறது. தள்ளிப்போடுவதன் வேர் நேரத்தைக் கையாளத் தெரியாததில் இல்லை, மனசின் சங்கடத்தைக் கையாளுவதில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். வேலையைத் தள்ளி வைத்த அந்த நொடியில் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அதற்காகத்தான் தள்ளுகிறோம். விலையை நாளைய நாம் கொடுக்கிறோம். பில் டப்பாவின் மூடியை மூடும்போது எனக்கு வந்தது சரியாக அந்த நிம்மதிதான்.

நேரப் பட்டியல்: செலவில்லாத வழி

எல்லாரும் முதலில் எடுப்பது இதைத்தான், நானும் எடுத்தேன். காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரை கட்டிங், பதினொன்று முதல் பதினொன்றரை வரை போன், சாயங்காலம் நாலு மணிக்குக் கணக்கு என்று சார்ட் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் தன் படிப்புக்காகத் தக்காளி வடிவ சமையல் டைமர் வைத்துக் கண்டுபிடித்த 25 நிமிட முறையையும் முயன்று பார்த்தேன். 25 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு.

அவர் மாணவராக இருந்தபோது கண்டுபிடித்த முறை அது. கதவைச் சாத்திக்கொள்ள முடிகிறவருக்கு அருமையான வழி. கடை வைத்திருப்பவருக்குக் கதவே திறந்திருக்க வேண்டும். சாக்பீஸால் கழுத்து வளைவைப் போட்டுக்கொண்டிருக்கும்போது "அக்கா, ஃபால்ஸ் வைக்க எவ்வளவு?" என்று ஒருவர் நிற்பார். அவரிடம் டைமர் இன்னும் அடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். கட்டிங் டேபிளில் இருந்த நேரத்தில் மட்டும் 23 போன். அதில் 19 "பிளவுஸ் ஆச்சா?" என்பது. என் சார்ட் பேப்பர் பத்து நாளில் கிழிந்தது. அதைவிட மோசம், பட்டியல் தவறிய ஒவ்வொரு நாளும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. 58 பை நின்றது என் ஒழுங்கீனத்தால் இல்லையே, ஒரு நாளுக்கு எட்டுதான் வெட்ட முடியும் என்பதால். நே வியாதிக்கு நேரப் பட்டியல் எதுவும் செய்யாது. எட்டு மணி நேரத்தை எப்படி அடுக்கினாலும் எட்டு மணி நேரம்தான்.

ம வேலைகளுக்கு இது உதவுகிறது, ஆனால் பட்டியலாக இல்லை. இரண்டு மாற்றம் செய்துகொண்டேன். ஒன்று, மணிக்குப் பதில் ஒரு செயலோடு முடிச்சுப் போடுவது. "பத்து மணிக்கு" என்று எழுதினால் பத்து மணி வந்து போய்விடும். "ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு விளக்கேற்றியதும் முதல் பை இது" என்று வைத்தால் விளக்கு ஏற்றாத நாளே இல்லை என்பதால் அந்தப் பையும் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது, முழு வேலையை எடுக்காமல் அதன் முதல் கால் மணியை மட்டும் எடுப்பது. பட்டுத் துண்டை வெட்டுவது பயம். செய்தித்தாளை வெட்டுவதில் என்ன பயம்? இப்போது விலை உயர்ந்த எந்தத் துணி வந்தாலும் வந்த அன்றைக்கே பேப்பர் கட்டிங் போட்டு அதே பையில் வைத்துவிடுகிறேன். அப்புறம் அந்தப் பை ராக்கில் இடம் மாறுவதில்லை.

தேதி விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். டான் ஏரியலி, கிளாஸ் வெர்டன்புரோக் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் பிழை திருத்தும் வேலையைச் சிலருக்குக் கடைசித் தேதி மட்டும் கொடுத்து, சிலரைத் தாங்களே தேதி வைத்துக்கொள்ளச் சொல்லி, சிலருக்கு சீரான இடைவெளியில் வெளியே இருந்து தேதி வைத்துக் கொடுத்தார்கள். நன்றாகச் செய்தவர்கள் மூன்றாவது கூட்டம். தாங்களே தேதி வைத்தவர்கள் நடுவில். கடைசித் தேதி மட்டும் பெற்றவர்கள் பின்னால். நமக்கு நாமே வைக்கும் தேதி ஒன்றுமில்லாததற்கு மேல், ஆனால் இன்னொருவர் காத்திருக்கிறார் என்ற தேதிக்குக் கீழ்தான். தொழிலில் தனியாக இருப்பவர்களுக்கு இந்த இன்னொருவர் இல்லாததே பெரிய குறை. அதைப் பின்னால் சொல்கிற ஆடிட்டர் ஆபீஸ்தான் எனக்குத் தீர்த்தது.

ஆள் வைப்பது: எந்த ஆள் என்பதில்தான் எல்லாம்

மலைப்பு வந்தால் அடுத்து தோன்றுவது ஆள். நான் செய்த பெரிய தவறும் இதில்தான். தீபாவளி நெருக்கத்தில் இன்னொரு தையல்காரரைச் சேர்த்தேன். பீஸ் ரேட். நல்ல கை. ஆனால் காலை பதினோரு மணிக்கெல்லாம் "அக்கா, கட்டிங் இருக்கா?" என்று மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார். ஏற்கெனவே இருந்த மூவரும் என் கத்தரிக்காகக் காத்திருந்தார்கள், இவர் நாலாவது ஆள் வரிசையில். பீஸ் ரேட்டில் வேலை இல்லாவிட்டால் அவருக்குக் கூலி இல்லை. பத்து நாளில் வேறு கடைக்குப் போய்விட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது.

வேலை எங்கே குறுகுகிறதோ அந்த இடத்துக்கு உதவாத ஆள், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பாரம்தான். மெஷின் வாங்குவதும் இதே கணக்கு. சிறு தொழிலுக்கான அரசின் முத்ரா கடனில் பவர் மெஷின் வாங்கலாம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். கடன் கிடைக்கவும் செய்யும், ஆனால் எனக்குத் தையல் தேங்கவில்லையே, கட்டிங்தானே தேங்குகிறது. உங்கள் தொழிலில் வேலை குறுகும் அந்தக் கழுத்து எங்கே என்று பாருங்கள். பேக்கரியில் அது அடுப்பாக இருக்கலாம். கேட்டரிங்கில் விலை சொல்லி ஆர்டர் உறுதி செய்யும் வேலை. பிரிண்டிங் பிரஸ்ஸில் டிசைன் போட்டு ப்ரூஃப் அனுப்புவது. பெரும்பாலும் முதலாளி கையிலேயே இருக்கும்.

அதனால் இரண்டாம் முறை தையல்காரரைத் தேடவில்லை. அளவு எடுக்க, சீட்டு எழுத, போன் பேச, லைனிங் துணியை முதல் நாளே நனைத்துக் காயப்போட, கொக்கி வைக்க, ஹெம்மிங் செய்ய ஒரு பெண்ணை அரை நாள் வேலைக்கு வைத்தேன். மாதம் 6,000 ரூபாய். கத்தரியைச் சுற்றி இருந்த அத்தனை சில்லறை வேலையும் போனதும் எட்டு கட்டிங் பதினொன்றானது. ஒரு கட்டிங் கூடினால் எவ்வளவு வருமானம் என்று கணக்குப் போட்டால் அந்தச் சம்பளம் முதல் பத்து நாளிலேயே வந்துவிடுகிறது.

ஆனால் இது முதல் மாதம் நடக்கவில்லை. ஆள் வந்த முதல் மாதம் வேலை கூடத்தான் செய்யும். சொல்லிக் கொடுக்கணும், தப்பைத் திருத்தணும், அவர் எழுதிய அளவை மறுபடி சரிபார்க்கணும். மூழ்கிக்கொண்டிருக்கும்போது நீச்சல் கற்றுக்கொடுக்க முடியாது. எங்கள் தொழிலில் ஆள் சேர்க்கச் சரியான மாதம் ஆடி. முகூர்த்தம் இல்லை, கடை அமைதியாக இருக்கும், சொல்லித்தர மனசும் இருக்கும். ஆவணி பிறந்து கூட்டம் வரும்போது அவர் கை பழகியிருக்கும். சிவகாசிப் பட்டாசுக்கடைக்காரருக்கும் ஐஸ்கிரீம் கடைக்காரருக்கும் இந்த அமைதியான மாதம் வேறு வேறு. நெருக்கடி மாதத்தில் ஆள் வைப்பதாக இருந்தால், கற்றுத்தரவே தேவையில்லாத வேலைக்கு மட்டும் வையுங்கள்.

ஆள் வைத்ததில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் அந்த பொட்டிக் பாக்கியில் வந்தது. பணம் கேட்டுப் போன் செய்வது எனக்கு உயிர் போகிற வேலை. தெரிந்தவர், ஆர்டர் கொடுத்தவர், கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று நாலு மாதம். இப்போது ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி பாக்கி உள்ள எல்லாருக்கும் ஒரே மாதிரி வாட்ஸ்அப் செய்தி போகிறது, அனுப்புவது அந்தப் பெண். கெஞ்சலாக இருந்தது கடை வழக்கமாக மாறிவிட்டது. உத்யம் என்னும் அரசின் தொழில் பதிவு இருக்கும் குறுந்தொழில், சிறு தொழில்காரர்களுக்குச் சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் வாங்கியவர் பணம் கொடுக்க வேண்டும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், அந்தக் கெடுவைத் தாண்டிய தொகையை உண்மையில் கொடுக்கும் வருஷத்தில்தான் அவர் வருமான வரியில் செலவாகக் காட்டலாம். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பிடி இல்லை. உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும் உண்டு. பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் "45 நாளுக்குள்" என்ற வரியையும் அச்சடித்து வைத்தால் போதும், வாயால் கேட்க வேண்டியது பாதி குறைந்துவிடும்.

கணக்கை வெளியே கொடுப்பது

துணி விற்பனையும் சேர்ந்ததால் நான் ஜிஎஸ்டி எண் எடுக்க வேண்டி வந்தது. காலாண்டுக்கு ஒரு முறை ரிட்டன் போடும் திட்டத்தில் இருக்கிறேன். ஐந்து கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2021 ஜனவரியில் வந்தது அது. காலாண்டு முடிந்த மறுமாதம் 13-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1, தமிழ்நாட்டில் 22-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கு காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கு வரி மட்டும் அடுத்த மாதம் 25-க்குள் கட்ட வேண்டும்.

எழுதிப் பார்த்தால் வருஷத்துக்கு ஒரு பத்துப் பதினாறு தேதிதான். ஆனால் எனக்கு இரண்டு காலாண்டு தேங்கியது. 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், ஒன்றரைக் கோடிக்குள் விற்றுமுதல் உள்ளவருக்கு ஒரு ரிட்டனுக்கு அதிகபட்சம் 2,000. முதல் காலாண்டுக்கு அந்த உச்சமும், அடுத்ததற்கு 18 நாளுக்கு 900-ம் கட்டினேன். வரித் தொகைக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி தனி. முதல் காலாண்டு 3பி போடாததால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போடவே வழி இல்லாமல் முடிச்சு விழுந்தது. கடைசியில் உட்கார்ந்து செய்தபோது இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆனது. இவ்வளவுதானா என்று அழுகையே வந்தது.

இப்போது ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்திருக்கிறேன். மாதம் 1,000 ரூபாய். இந்தப் பணத்துக்கு உண்மையில் நான் வாங்குவது கணக்கு வேலையை இல்லை, அது மூன்று மணி நேரம்தான். நான் வாங்குவது 5-ஆம் தேதி அங்கிருந்து வரும் "மேடம், பில் அனுப்புங்க" என்ற ஒரு போனை. எனக்காக இன்னொருவர் காத்திருக்கிறார். அந்தச் சோதனையின் மூன்றாவது கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டேன். ம வியாதிக்கு இவ்வளவு மலிவான மருந்து வேறு நான் பார்க்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. வெளியே கொடுத்துவிட்டால் தள்ளிப்போடுவது நின்றுவிடாது, இடம் மாறும். என் தோழி ஒருத்தி ஆடிட்டருக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறாள், பில்லை மட்டும் கொடுப்பதில்லை. அவளுக்கும் தாமதக் கட்டணம் விழுகிறது. பில்லைச் சேர்ப்பதுதான் நம் கையில் மிச்சம் இருக்கும் வேலை, அதை வேலையே இல்லாமல் ஆக்க வேண்டும். துணி வந்த அன்றைக்கே, மூட்டை பிரிப்பதற்கு முன்னால், பில்லைப் போட்டோ எடுத்து ஆடிட்டர் ஆபீஸோடு இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத்தான் டப்பாவில் போடுகிறேன். செயலிகளைப் பற்றியும் கேட்பீர்கள். டாலி, ஜோஹோ புக்ஸ் எல்லாம் நல்ல மென்பொருள்கள். ஆனால் உள்ளே எண்களைப் போட ஒரு கை வேண்டும். போட மனசு வராதவருக்கு அது இன்னொரு திறக்காத டப்பா.

வாங்கி விற்கும் கடையாக இருந்தால் வேலையையே குறைத்துக்கொள்ளும் வழியும் ஒன்று உண்டு, காம்போசிஷன் திட்டம். ஒன்றரைக் கோடிக்குள் விற்றுமுதல் உள்ள வியாபாரி விற்பனையில் 1 சதவீதம் கட்டி, காலாண்டுக்கு ஒரு சின்ன அறிக்கை, வருஷத்துக்கு ஒரு ரிட்டன் என்று முடித்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, வாங்கியபோது கட்டிய வரியைக் கழிக்க முடியாது, வேறு மாநிலத்துக்கு விற்க முடியாது. உள்ளூரில் சில்லறை விற்பவருக்கு இது பெரிய நிம்மதி. கம்பெனிகளுக்கு விற்பவருக்கு ஆகாது, அவர்கள் வரி பில் கேட்பார்கள். தையல் கூலி பெரும்பகுதியாக உள்ள என் மாதிரிக் கடைக்கும் அந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தவில்லை.

வாங்கும் வேலையைக் குறைப்பது: யாரும் விரும்பாத வழி

நாலில் இதைத்தான் நான் கடைசியாக எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும்.

அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நிற்கும் வேலை எவ்வளவு, ஒரு நாளில் முடிவது எவ்வளவு என்று தெரிந்தால் காத்திருக்கும் நாள் தெரிந்துவிடும். என் ராக்கில் 64 பை, ஒரு நாளைக்கு எட்டு கட்டிங். இன்றைக்கு வரும் பை கத்தரியைப் பார்க்கவே எட்டு நாள் ஆகும். அப்புறம் தையல், கொக்கி. பத்து நாளுக்குக் குறைந்து எந்தத் தேதி சொன்னாலும் பொய். நானோ எல்லாருக்கும் "வர்ற வெள்ளிக்கிழமை வாங்கிக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்த் தேதிதான் மறுபடி 19 போனாக வந்தது. அந்தப் போன்கள்தான் கட்டிங்கை எட்டிலேயே நிறுத்தின.

ஒரு நீள நோட்டு வாங்கி ஒரு தேதிக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பத்து வரி மட்டும் கோடு போட்டேன். சாதா பிளவுஸுக்கு ஒரு வரி, பிரின்சஸ் கட்டுக்கு ஒன்றரை, ஆரி வேலை என்றால் மூன்று. பக்கம் நிறைந்தால் அடுத்த தேதி. வந்தவரிடம் நோட்டைத் திருப்பிக் காட்டுவேன். "இந்தப் பக்கம் நிறைஞ்சிருச்சும்மா, 24-ஆம் தேதிதான் இடம் இருக்கு."

ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானது. போனது. முதல் மாதம் ஏழெட்டுப் பேர் அப்படியே துணியை எடுத்துக்கொண்டு போனார்கள், ஒவ்வொன்றும் நெஞ்சில் குத்தியது. ஆனால் பெரும்பாலோர் "சரி, அந்தத் தேதிக்குக் கண்டிப்பா ஆயிரும்ல?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள். மூன்றாவது மாதம் போன் 23-இல் இருந்து ஆறாகக் குறைந்தது. அவசரம் என்பவர்களுக்காகப் பக்கத்துக்கு இரண்டு வரி காலியாக விட்டு, அதற்குக் கூலி ஒன்றரை மடங்கு வைத்தேன். உண்மையிலேயே அவசரம் உள்ளவர்கள் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் 24-ஆம் தேதியே போதும் என்கிறார்கள்.

கையில் வேறு வேலையே இல்லாமல் ஆர்டருக்கு அலைபவருக்கு இந்த வழி கூடாது. அவர் மலைப்பு வேறு. கடன் தவணை கழுத்தில் இருப்பவரும் ஒரேயடியாகக் குறைக்க வேண்டாம், புதுசாக வாங்குவதில் மட்டும் கை வைக்கலாம். இன்னொன்று, இது ம வேலைகளைத் தொடாது. நோட்டில் எவ்வளவு அழகாகக் கோடு போட்டாலும் நீலப் பைகள் நீலப் பைகளாகத்தான் இருக்கும்.

யாருக்கு எது

எண்ணிப் பார்த்ததில் நே அதிகம் என்றால் என் பதில் தயக்கமில்லாமல் நோட்டு, அப்புறம் ஆள். இந்த வரிசை மாறக்கூடாது. நோட்டு இல்லாமல் ஆள் வைத்தால் கூடிய திறனுக்கும் சேர்த்து நாம் வேலை வாங்கிவிடுவோம், ராக் மறுபடி நிறையும். ம அதிகம் என்றால் ஆள், மெஷின், மென்பொருள் எதற்கும் இப்போது காசு போடாதீர்கள். கேட்டு வாங்க ஒருவர், அதோடு முதல் கால் மணி. ஆடிட்டருக்கு வசதி இல்லையா? அதே தெருவில் அதே டப்பாவை வைத்திருக்கும் இன்னொரு கடைக்காரர் நிச்சயம் இருப்பார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருவரும் அவரவர் டப்பாவோடு ஒரே மேசையில் உட்காரலாம். நானும் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர் அக்காவும் ஆடிட்டருக்கு முன்னால் ஐந்து மாதம் அப்படித்தான் செய்தோம், செலவு இரண்டு டீ.

இரண்டும் கலந்து பாதிப் பாதி என்றால் ம-வில் ஒன்றை முதலில் எடுங்கள். நே வேலைகள் கையைத்தான் சோர்வாக்கும். ம வேலை ஒன்று ராக்கில் தொங்கினால் மற்ற 63 பையை வெட்டும்போதும் அதன் நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அந்த 17 நாளும் அப்படித்தான் ஓடியது.

இன்னும் ஒன்று உண்டு. எதை எடுத்தாலும் தூக்கம் வரவில்லை, காலையில் கடையைத் திறக்கவே நெஞ்சு அடைக்கிறது, வாரக்கணக்கில் இப்படியே போகிறது என்றால் அது நோட்டாலும் ஆளாலும் தீர்கிற விஷயம் இல்லை. டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இந்த வருஷம் ஆடியில் அந்தப் பெண்ணுக்கு சாதா பிளவுஸ் கட்டிங் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். முதல் வாரம் செய்தித்தாளில், இரண்டாம் வாரம் பழைய வேட்டியில். நேற்று முதல் முறையாக ஒரு வாடிக்கையாளரின் துணி. சாதா காட்டன் பிளவுஸ்தான், துணி மீட்டர் 90 ரூபாய். சாக்பீஸ் கோட்டுக்கு மேல் கத்தரியை வைத்துக்கொண்டு வெட்டாமலே ரொம்ப நேரம் நின்றாள். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.